லைட்டுக்கு உட்கார்ந்தவள்

கார்த்திகை 3, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். சஞ்சீவி மலை இருக்கிற இடமே தெரியவில்லை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. பாஸ்போர்ட் சைஸ் மூன்று பேர். அதில் ஒருவர் போலீஸ் வேலைக்கு மனுப் போடுகிறவர், மகாராஜபுரம். "கொஞ்சம் சாதாரணமா இருங்க" என்றால் இன்னும் விறைக்கிறார்.

மதியத் தபாலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கார்டு. அத்தை சொல்லச் சொல்ல அமுதா எழுதியது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

"மாப்ளைக்கு. வார 17ந் தேதி செண்பகத்துக்குத் தலைத் தெவசம். செவுத்துல மாட்ட ஒரு படம் கொண்டு வரணும். ஊரு பூராவையும் படம் எடுக்கிறவுக வீட்டுல செத்தவளுக்கு ஒரு படம் இல்லைன்னு நாலு பேரு கேக்காக."

கீழே இடம் மிச்சம் இருந்திருக்கிறது. அமுதாவே சொந்தமாக ஒரு வரி: "அப்பா எனக்கு அம்மா மூஞ்சி மறந்து மறந்து போகுது."

கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சாயந்திரம் வரை வேலை பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளை. ஒரு வருஷம் அதற்கு எவ்வளவு நீளம்!

பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் செண்பகம் இருக்கிற படங்கள்:

கல்யாண ஆல்பம். பதினெட்டுப் படம். பதினெட்டிலும் குனிந்த தலை. மாலை மோவாய் வரை. பொண்ணு நிமிர்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அத்தையே பின்னால் நின்று பிடரியை அமுக்கினார்கள்.

ஆடிப்பூரத் தேர்க் கூட்டம். அதில் செ. மிளகு அளவு. முகம் அந்தப் பக்கம்.

அமுதாவுக்கு மொட்டை போட்ட அன்று. பிள்ளையைப் பிடித்திருக்கிற இரண்டு கை மட்டும். வளையல் சுத்தமாக விழுந்திருக்கிறது. முகத்தை நான்தான் வெளியே தள்ளினேன். பிள்ளை படம்தானே என்று.

அவ்வளவுதான்.

இரண்டு கரு தங்காமல் போன சமயம், "படம் எடுத்தா ஆயுசு கொறையும், அவள எடுக்காதீக" என்றதும் இதே அத்தைதான். செ. பயந்தாள். நானும் விட்டுவிட்டேன். எடுக்காமலே குறைந்துவிட்டது.

ஆனால் எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது. தினமும் உட்கார்ந்தாளே! கஸ்டமர் வெளியே பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது லைட்டைச் சரிபார்க்க ஒரு முகம் வேண்டும். "செண்பகம், செத்த வந்து லைட்டுக்கு உக்காரு" என்பேன். "வாரேன், அடுப்புல பால் இருக்கு" என்று ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வருவாள். ஸ்டூலில் உட்காருவாள். நான் கேமராவின் மேல் குனிந்து கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து விளக்கை ஏற்றி, இறக்கி, நகர்த்தி, ஃபோகஸ் வைத்து, "போதும், எந்திரி" என்பேன். அந்த வெளிச்சத்தில் வேறு ஒருவர் வந்து உட்காருவார்.

பதினோரு வருஷம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, பட்டனை அமுக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். எனக்கு அலைய நெய்கூட இல்லை.

கார்த்திகை 4, வியாழன்

மழை. கல்யாண நெகட்டிவ் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வகிடு, நெற்றிச்சுட்டி, மூக்கு நுனி, கீழே பார்க்கிற இமை. பென்சிலால் கண்ணைத் திறந்து பார்த்தேன். பொம்மைக் கடைப் பொம்மை. கிழித்தேன். இன்னொன்று போட்டேன். அதையும் கிழித்தேன்.

டீக்கடையில் யாரோ யாரிடமோ: "பம்பாயில செத்தவுகள உசுரோட இருக்கிற மாதிரியே படம் போட்டுத் தாராங்களாம்ல." டீ ஆறிவிட்டது.

குளிக்கும்போது சுப்பு ஞாபகம். செ.யின் தங்கை. தளவாய்புரத்தில் இருக்கிறாள். நாலு வயது வித்தியாசம், ஒரே நெற்றி, ஒரே உதடு. இருட்டில் அவள் குரல் கேட்டால் இன்னமும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். மூக்கு மட்டும் கொஞ்சம் அகலம், மோவாய் உருண்டை. அதை லைட் பார்த்துக்கொள்ளும்.

நினைத்த உடனே அருவருப்பாக இருந்தது. நினைப்பு போகவும் இல்லை.

கார்த்திகை 6, சனி

மழை விட்டது. தளவாய்புரம் போனேன். தெரு முழுக்கத் தையல் மிஷின் சத்தம். சுப்பு உள்பாவாடைக் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்து நாடா கோத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில். லீவு தை மாசம்தான்.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நேராகக் கேட்டேன். "உன்னை உட்கார வச்சு அக்கா மாதிரி ஒரு படம் எடுக்கணும், சுப்பு."

நாடா கோப்பதை நிறுத்தினாள்.

"எடுத்து?"

"மடவார் வளாகத்துல, உங்கம்மா வீட்டுல மாட்டணும். திவசத்தன்னைக்கு."

"மாட்டி, எம்மூஞ்சிக்கு மாலை போட்டு, முன்னால வெளக்குப் பொருத்தப் போறீக."

உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? விளையாட்டுக்குக்கூடப் போட மாட்டார்கள். எனக்குத் தெரியாதா!

"அவிய எல்லையில நிக்காவ அத்தான். ராத்திரி ரேடியோ நியூஸ் கேட்டுட்டுத்தான் நான் படுக்கேன். இந்த நேரத்துல நான் மாலைக்கு உக்காந்தா..."

அமுதா எழுதிய கார்டை எடுத்துக் கொடுத்தேன். அது ஒரு கேவலமான காரியம். தெரிந்தே செய்தேன். அவள் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். நாடா ஊசியைத் தாலிக் கயிற்றில் குத்திக்கொண்டாள்.

"அம்மாட்ட மட்டும் சொல்லிராதீக. தெரிஞ்சா எங்கம்மா தாங்காது."

"சொல்ல மாட்டேன்."

"திங்கக்கெழம வாரேன்."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

வெயில். வாரக் கடைசி என்று இரண்டு குடும்பம். ஒரு குழந்தை கடைசி வரை சிரிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

நாளைக்கு:

விளக்கு ஒன்றே ஒன்று. ஐநூறு வாட். உயரத்தில், பக்கவாட்டில், அவள் வலது பக்கம். விளக்கின் வாயில் பால்பவுடர் டப்பாவை மாட்டி வெளிச்சத்தை ஒடுக்க வேண்டும். வலது கண், வலது கன்னம், உதடு, உதட்டுக்குக் கீழே செ.க்கு இருந்த மச்சம். இவ்வளவுதான் தெரிய வேண்டும்.

மற்ற எல்லாம் இருட்டுக்குள். இடது கன்னம், மூக்கின் அந்தப் பக்கம், மோவாய் உருண்டை. இடது காது முக்கியம். சுப்புவுக்கு அந்தக் காதில் இரண்டு துளை. காது குத்தும்போது துள்ளிவிட்டாளாம். ஆசாரி இடம் தவறி, மறுபடியும் குத்தியிருக்கிறார். அடையாளம் அப்படியே இருக்கிறது. இருட்டில் போய்விடும்.

பின்னால் கறுப்புத் துணி. தலைமுடி துணியோடு கலக்கட்டும்.

லென்ஸில் பேண்டேஜ் துணி ஒரு மடிப்பு. தறிக்காரர் வீட்டிலிருந்து ஒரு சாண் வாங்கி வந்தேன். ஊரே நெய்கிற துணி. தோல் மிருதுவாகும், வயது மங்கும். செ.க்கு ஆஸ்பத்திரியில் கையில் சுற்றியதும் இதுதான்.

கலர் வேண்டாம். மதுரைக்குப் போய்க் கழுவி வர வேண்டும். யார் கண்ணிலாவது படும். கறுப்பு வெள்ளையில் நானே கழுவிக்கொள்ளலாம். பொய்யை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

மச்சம்: கண்மை, தீக்குச்சி முனை.

கார்த்திகை 8, திங்கள்

'இன்று விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டேன். சுப்பு மில்லில் முதல் சங்கு ஊதுவதற்குள் வந்துவிட்டாள். பெட்டியிலிருந்து செ.யின் அரக்குச் சேலையைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு வந்தாள். அந்துருண்டை வாசம். நான் ஒயரைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"அக்கா இந்த ஸ்டூல்லதான உக்காருவா?"

"ஆமா."

தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

மச்சம் வைக்கப் போனபோது ஒரு சின்னத் தகராறு. உதட்டுக்குக் கீழே, வலது பக்கம் குச்சியைக் கொண்டுபோனேன். "இந்தப் பக்கமா?" என்றாள். தன் முகத்தைத் தானே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுப் பார்த்துக் குழம்பினாள். "எதுக்க நின்னு பாத்தா... இல்ல, எனக்குச் சரியா ஞாபகம் வரல அத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினோரு வருஷம் இந்த வெளிச்சத்துல அவளைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று முகத்தைக் கொடுத்தாள்.

விளக்கைப் போட்டேன். வோல்டேஜ் குறைவு, வெளிச்சம் பழுத்த மஞ்சள். கால் செகண்டு அசையாமல் இருக்க வேண்டும். குனிந்து கண்ணாடியில் பார்த்தேன்.

எல்லாம் திட்டப்படி. மோவாய் இருட்டில். மூக்கு ஒடுங்கிவிட்டது. கன்னத்தில் சின்ன முக்கோணமாக வெளிச்சம். கண்ணில் ஒரு புள்ளி மினுக்கம். நல்ல படம். ஆனால் செ. இல்லை. டப்பாவை நகர்த்தினேன். விளக்கை ஒரு சாண் இறக்கினேன். தலையைச் சாய்க்கச் சொன்னேன். "மூச்ச விடலாமா அத்தான்?" என்று கேட்டாள், பாவம். ஏதோ ஒன்று தப்பு. என்ன என்று பிடிபடவில்லை. எட்டுப் படம் எடுத்தேன்.

போகும்போது வாசலில் நின்று மச்சத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

கார்த்திகை 9, செவ்வாய்

பிரிண்ட் போட்டேன். கார்டு சைஸ். கை தொழிலைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. யாராவது முன்பின் தெரியாதவர் பார்த்தால் நல்ல ஸ்டூடியோ என்பார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மாவரைக்கிற இடத்தில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். இந்த ஒரு வருஷமாக நான் போகிற இடத்தில் சிரிப்பு நிற்கிறது.

கார்த்திகை 10, புதன்

காலை பஸ்ஸில் ஸ்ரீவி. மடவார் வளாகத்தில் இறங்கும்போது மறுபடியும் மழை. வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. படத்தை அத்தையிடம் கொடுத்தேன்.

"கல்யாணப் படத்தை வச்சு வேலை பண்ணினேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணை இடுக்கி, தூரத்தில் வைத்து, பக்கத்தில் வைத்து, கடைசியில் மாரில் வைத்து அழுதார்கள். "எந்தாயி, எந்தாயி." சரி, முடிந்தது என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்கள்.

"மாப்ள, மச்சம் மாறியில்ல இருக்கு?"

"மாறலையே."

"அவளுக்கு இடப்பக்கம்ல இருக்கும்."

"இல்ல அத்தை, வலப்பக்கம்தான்."

"நான் பெத்தவ மாப்ள."

"நான் பார்த்தவன் அத்தை." குரல் ஏறிவிட்டது. மாமியாரிடம் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

அமுதா சிலேட்டோடு வந்து நடுவில் நின்றாள். படத்தை எட்டிப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு அம்மாச்சியின் கையை இழுத்து, "என்னையத் தூக்கு" என்றாள். ஏழு வயதுப் பிள்ளையை அத்தை சிரமப்பட்டு இடுப்பில் தூக்கினார்கள். இடது இடுப்பு. வலது கை வேலைக்கு வேண்டுமே, எல்லாப் பொம்பளைகளும் இடது பக்கம்தான் தூக்குவார்கள். அமுதா கையை நீட்டி அம்மாச்சியின் உதட்டுக்குக் கீழே இடது பக்கம் விரலை வைத்தாள்.

"இங்கன. எனக்குக் கைக்கு எட்டும். அம்மா சோறு கிண்டும்போது தொட்டுக்கிட்டே இருப்பேன்."

முகம் மறந்து போகிற பிள்ளைக்கு விரல் மறக்கவில்லை. எனக்கு?

"மறுபடியும் சரி பண்ணிக் கொண்டாரேன்" என்று எழுந்துவிட்டேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ் வந்துவிட்டது என்றேன். வரவில்லை. ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றேன்.

கார்த்திகை 11, வியாழன்

மூட்டம். குறுக்கு வழி பார்த்தேன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தால் வலது இடதாகிவிடும், மச்சமும் இடம் மாறும். போட்டேன். மச்சம் மாறியது. கூடவே முந்தானையும் வலது தோளுக்குப் போய்விட்டது. மூக்குத்தியும் இடம் மாறிவிட்டது. சேட்டு வீட்டு அம்மா ஒருத்தி என்னைப் பார்க்கிறாள்.

மச்சத்தை மட்டும் அழித்து இடது பக்கம் வைக்கலாம் என்றால் இடது பக்கம் இருட்டு. இருட்டில் எங்கே மச்சம் வைக்க. இந்தப் படத்தின் வெளிச்சம் முழுக்க அந்த ஒரு புள்ளியை நம்பிப் போட்டது. புள்ளி தப்பென்றால் வெளிச்சமே தப்பு.

திரும்ப எடுக்க வேண்டும். திரும்ப அவளைக் கூப்பிட வேண்டும்.

தளவாய்புரம் டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க." "என்ன விசேசம் அண்ணாச்சி?" என்றார். விசேஷம்தான்.

கார்த்திகை 12, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் பெண்டாட்டிக்கு மச்சம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடினால் வலது பக்கம்தான் வருகிறது. தெளிவாக வருகிறது. அத்தையும் அமுதாவும் சேர்ந்து பொய் சொல்கிறார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

கார்த்திகை 14, ஞாயிறு

வெயில் அடித்தது. சுப்பு வந்தாள். முகம் வாடியிருந்தது. போன திங்களிலிருந்து இரண்டு நாள் காய்ச்சலாம்.

"மாலை போடாமலே காச்சல் வந்துருச்சு பாத்தீகளா" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அவியகிட்ட இருந்து லெட்டரும் வரல."

"வேண்டாம்னா வேண்டாம் சுப்பு. போயிரு."

"அமுதாவுக்காகத்தான் வந்தேன். சுருக்க எடுங்க."

விளக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குத் தூக்கி வைத்தேன். ஒயர் எட்டவில்லை, ஒட்டுப் போட்டேன். இப்போது இடது கன்னத்தில் வெளிச்சம். உதட்டுக்குக் கீழே இடது பக்கம் மை வைத்தேன். "அத்தான், காத மூடணுமா? பூவ இழுத்து விடட்டுமா?" என்று அவள் கேட்டதாக ஞாபகம். நான் அதற்குள் கேமராவில் குனிந்துவிட்டேன்.

செண்பகம் உட்கார்ந்திருந்தாள்.

மாதிரி இல்லை. அவளேதான். அந்த மச்சம், அந்த இடத்தில், நான் பதினோரு வருஷம் பார்த்த அதே இடத்தில். இடது பக்கம் வைத்த மை, கண்ணாடியில் அவளுக்கு வலது பக்கமாகத் தெரிந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா இது. கண்ணாடியில் உருவம் நேராக நிற்கும், ஆனால் இடம் வலமாகத் தெரியும். தொழில் பழகிய முதல் வாரம் எல்லோருக்கும் தலை சுற்றும். ஆளை வலது பக்கம் நகரச் சொன்னால் இடது பக்கம் போவார். பிறகு பழகிவிடும். பழகியதே மறந்துவிடும்.

நான் அவளை நேரே பார்க்கவேயில்லை. தட்டு வைக்கும்போது தட்டைப் பார்த்தேன். காசு கேட்கும்போது சட்டைப் பையைப் பார்த்தேன். அடுப்படியில் அவள் முதுகு. படுக்கையில் விளக்கு அணைந்திருக்கும். முகம் என்று நின்று நிதானமாகப் பார்த்ததெல்லாம் இந்த மூன்று விரல் அகலக் கண்ணாடியில். அதுவும் வேறு யாருக்கோ லைட் வைக்க. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவன் மனசில் இருப்பது அவளில்லை, அவளைத் திருப்பிப் போட்டது.

கண்ணாடியில் தண்ணீர் விழுந்து உருவம் கலங்கியது. சட்டையால் துடைத்தேன். இன்னும் இருந்தாள். பட்டனில் விரல் இருக்கிறது, அமுங்கவில்லை. அமுக்கினால் "போதும், எந்திரி" என்று சொல்ல வேண்டும்.

"அத்தான்? ஒடம்புக்கு முடியலையா?"

உதடு அசைந்தது. குரலும் அவள் குரல். அமுக்கினேன். ஒரே படம்.

நிமிர்ந்து பார்த்தேன். சுப்பு. மச்சம் அந்தப் பக்கம். வேறு முகம்.

கார்த்திகை 15, திங்கள்

கழுவி, பெரிதாகப் போட்டேன். கடையில் இருந்ததிலேயே பெரிய பேப்பர். மருந்துத் தட்டில் முதலில் பொட்டு வந்தது, பிறகு மச்சம், கண். அவ்வளவுதான் பார்த்தேன். மீதியைப் பார்க்காமல் ஃபிக்ஸரில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். ரீடச் செய்யவும் உட்காரவில்லை.

பிரேம் கடைக்காரர்: "ஆஹா, உசுரோட உக்காந்திருக்காக அண்ணாச்சி. எப்ப எடுத்தது?"

"முந்தி."

படத்தில் வந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த செண்பகம். என்னுடையவள் கண்ணாடியில் ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போய்விட்டாள். இனிமேல் சுப்புவை எந்த மூஞ்சியோடு கூப்பிட. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கார்த்திகை 17, புதன். தலைத் திவசம்

மழை இல்லை. ஏழு மணி பஸ். படம் துண்டில் சுற்றி மடியில்.

நானே ஆணி அடித்தேன். நானே மாட்டினேன். வாசல் திறந்திருந்ததால் நல்ல வெளிச்சம், நேராகப் படத்தின் மேல். வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "அப்பிடியே இருக்காளே." "கூப்பிட்டா வாரேம்பா போல." ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுப்பு கதவுக்குப் பின்னால் நின்றாள். படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பையோடு வந்த அமுதா நேராகப் படத்துக்குக் கீழே போனாள். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். இடது பக்கம் விரலை வைத்துப் பார்த்தாள். பை தோளில் இருந்தபடியே நின்றாள். இறங்கவில்லை. "அம்மா" என்றாள், சத்தமில்லாமல். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இலை போட்டு, சேலை வைத்து, எல்லாம் முடிந்து, அத்தை மாலையோடு வந்தார்கள். சுப்பு கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அத்தை கையை உயர்த்தினார்கள். மாலை பிரேமுக்கு ஒரு விரல் தூரம்.

அப்படியே நின்றார்கள்.

அமுதா நின்ற பெஞ்சில் ஒரு கையை ஊன்றி, படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்கள். மச்சத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தார்கள். இடது காது. அதன் மேல்தான் என் ஐநூறு வாட் வெளிச்சமும் விழுந்திருக்கிறது. துளை இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. விளக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தவன் காதை மறந்துவிட்டேன்.

மாலை மெதுவாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் அத்தை தன் பெட்டியிலிருந்து எடுத்துச் சாத்தி வைத்திருந்த, செ. மட்டும் நிற்கிற கல்யாணப் படத்துக்கு, அந்தக் குனிந்த தலைக்கு, அதைப் போட்டார்கள். "எந்தாயி இதுல இருக்கட்டும்" என்றார்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்ற வயிறு, என்னவோ என்று விட்டுவிட்டார்கள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அடுப்படியில் சுப்புவின் இடது காதைப் பிடித்துப் பார்த்தார்கள். அவளைப் பக்கத்தில் இழுத்து, இரண்டு கையாலும் முகத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டும் நான் பெத்தது மாப்ள. இந்தக் காதக் குத்தும்போது மடியில வச்சுப் பிடிச்சவ நான்."

"தப்புதான் அத்தை."

"தப்புன்னு யாரு சொன்னா. நீங்களும் வேற எங்க போவீக." மூக்கைச் சிந்தினார்கள். "ஆனா இது செவுத்துல வேண்டாம். இருக்கிற ஒண்ணாச்சும் எனக்கு இருக்கட்டும். கழட்டிக் கொண்டுபோயிருங்க."

பெஞ்சில் ஏறிக் கழற்றினேன். பின்பக்கக் கயிறு ஆணியில் மாட்டிக்கொண்டு இழுத்தது. அமுதா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எடுக்காதீகப்பா! அம்மா இப்பதான வந்திருக்கு!"

கடைசியில் படத்தை எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.